உள்பக்கத்துக்காரி

ஆனைக்காயலில் எல்லோரும் உப்பு விளைவித்தார்கள், ஞானதிரவியம் மட்டும் விமானம் விளைவித்தார். அலுமினியத்தில் கதவும் ஜன்னலும் அடுப்படி அலமாரியும் செய்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த மனிதர், மனைவி சொன்ன ஒரு பேச்சைக் கேட்டு, ஜன்னல் செய்கிற அதே கையால், அதே கொட்டகையில், இரண்டு பேர் உட்கார்ந்து போகிற குட்டி விமானம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். தொடங்கிய அன்று ஊர் சிரித்தது, இறக்கை வந்த அன்று ஊர் வாயை மூடியது, வால் வந்த அன்றோ, "எங்க ஊரு பிளேன பாத்தீயளா?" என்று திருச்செந்தூர் பஸ்ஸில் போகிறவர்களை ஊரே இறக்கிக் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள், விமானம் கிடைத்தால் அது தானாக மூடிக்கொள்ளும் என்பதை ஆனைக்காயல்தான் முதலில் கண்டுபிடித்தது.

மனைவி பெயர் பாக்கியலீலா. ஏழு தலைமுறையாக உப்பளத்தில் நின்ற குடும்பத்துப் பெண். "எங்கம்மா காலம் பூரா பாத்திக்குள்ளயே நின்னு, வெள்ளைய பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போய்ச் செத்தா. இந்த அளம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவ நான் மேல இருந்து பாக்கணுங்க" என்று கல்யாணமான புதிதில் அவள் சொன்னதை மற்ற புருஷன்மார் என்றால் அன்றைக்கே மறந்திருப்பார்கள். ஞானதிரவியம் பதினைந்து வருஷம் மனசில் போட்டு வைத்திருந்து, பிறகு தகடு வாங்கினார்.

விமானத்துக்கு ரிவிட் அடிப்பது ஒற்றை ஆள் வேலை அல்ல. வெளியே ஒருவர் நின்று காற்றுச் சுத்தியால் ஆணியின் தலையில் அடிக்க வேண்டும், உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஆணியின் நுனியில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் தகடு தகடோடு பிடிக்கும். ஞானதிரவியம் கல்தூண் மாதிரி ஆள், லீலா ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிறவள், ஆகவே வெளிப்பக்கம் அவருக்கும் உள்பக்கம் அவளுக்கும் என்று பேசாமலேயே பாகப்பிரிவினை ஆகிவிட்டது. வாலின் ஒடுக்கமான மூலைவரைக்கும் அவள்தான் ஊர்ந்து போவாள். நடுவில் காகிதக் கனத் தகடு ஒன்றை வைத்துக்கொண்டு இருவரும் ராத்திரிக்கு என்ன குழம்பு என்பதையும், எதிர்வீட்டுச் சண்டையையும், தங்களுக்குப் பிள்ளை இல்லாமல் போனதையும்கூடப் பேசிக்கொண்டார்கள். முகம் பார்த்துப் பேச முடியாததை எல்லாம் தகட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக இருந்து பேசித் தீர்த்தார்கள். ஊர் அவளுக்கு உள்பக்கத்துக்காரி என்று பெயர் வைத்தது.

அவள் கை உறை போட மாட்டாள். "உறைய போட்டா கட்ட ஆணில உக்காந்துச்சான்னு கை சொல்ல மாட்டேங்குது" என்பாள். உப்பளத்துக் கைகள் சாதாரணமாகவே வியர்க்கும், அந்த வியர்வையில் மற்றவர்கள் வியர்வையைவிட உப்பு அதிகம் என்று ஆனைக்காயலில் சொல்வார்கள். அவள் ஊன்றிய இடம், பிடித்த இடம், இளைப்பாறச் சாய்ந்த இடம் எல்லாம் தகட்டில் வெள்ளைக் கைத்தடங்களாகப் படிந்து நின்றன. கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு உள்ளே பெயிண்ட் அடிக்கத்தானே போகிறோம் என்று இருவரும் அதைச் சட்டை செய்யவில்லை. பெயிண்டையும் அவளே தேர்ந்தெடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருந்தாள். மினுக்கம் இல்லாத கரும்பச்சை. "புங்க மரத்து நிழலு மாதிரி இருக்கணும். உள்ள உக்காந்தா கண்ணு கூசக் கூடாது."

ஆறு வருஷம் கழித்து, கடைசி ரிவிட் அடித்த வாரம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து தலை வலிக்கிறது என்று படுத்த பாக்கியலீலா எழுந்திருக்கவில்லை.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் காலையில், வேறு என்ன செய்வது என்று தெரியாமல் ஞானதிரவியம் கொட்டகையைத் திறந்து விமானத்துக்குள் தலையை நீட்டினார். லீலாவின் கைத்தடங்கள் வியர்த்திருந்தன. வெள்ளையாக உலர்ந்து கிடந்தவை எல்லாம் ஈரமாகி, விரல் ரேகைகளில் முத்து முத்தாக நீர் கோத்து நின்றது. கரண்ட் இல்லை, உள்ளே புழுக்கம், வியர்க்கத்தான் செய்யும் என்று நினைத்த அவர், கரண்ட் வந்ததும் மேஜை விசிறியை எடுத்து உள்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து தொட்டுப் பார்த்தபோது ஈரம் காய்ந்திருந்தது, சூடு மட்டும் இருந்தது. ஒரு மனுஷி உள்ளங்கையின் சூடு. அப்போதுதான் அவர் விமானத்தின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

இந்தச் சேதி ஊருக்குப் பரவ மத்தியானம்கூட ஆகவில்லை. பார்த்தவர்கள் யாரும் அலறவில்லை, மயங்கி விழவும் இல்லை. "லீலாவுக்குப் பாதியில வேலைய விட்டுப் பழக்கம் இல்லயே" என்றார்கள். உப்பளத்துப் பெண்கள் வேலை முடிந்து வருகிற வழியில் ஒவ்வொருவராக உள்ளே ஏறி, தங்கள் கையை அவள் கைத்தடத்தின்மேல் வைத்து, வெடிப்புக்கு வெடிப்பு ஒத்துப் பார்த்து, இந்தக் கோடு மண்வெட்டி பிடித்தது, இது உப்பு வாருகிற பலகை இழுத்தது என்று அடையாளம் சொன்னார்கள். கை வெடித்திருக்கிறதே பாவம் என்று ஒருத்தி தேங்காய் எண்ணெய் தடவினாள். மறுநாள் இன்னொருத்தி மஞ்சள் பூசினாள். தர்காவில் இருந்து சந்தனம் வந்தது. உபதேசியார் ஜெபஸ்தியான், இது வேதத்தில் உண்டா இல்லையா என்று ரெண்டு நாள் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஜெபித்த எண்ணெயை ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போனார்.

வளையல்காரர் வந்தால் அளவுக்கு அந்தக் கையைத்தான் காட்டினார்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தூக்கி வந்து, ஓட்டுகிறவர் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய தடத்தில் நெற்றியை வைப்பார்கள், காய்ச்சலாக இருந்தால் கைத்தடம் ஒருமுறை சிலிர்க்கும், இல்லையென்றால் சும்மா இருக்கும். தெர்மாமீட்டர் விற்கவில்லை என்று மருந்துக்கடைக்காரர் குறைப்பட்டுக்கொண்டார், பிறகு அவரே பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். உப்பளச் சங்கத் தலைவர் சுடலைமணி, வியர்வை வந்துகொண்டிருக்கிறவரைக்கும் பாக்கியலீலாவைத் தொழிலாளி என்றே கொள்ள வேண்டும் என்று தீர்மானம் போட்டு, தீபாவளி போனஸில் அவளுக்கும் ஒரு சேலை எடுத்தார்.

ஞானதிரவியம் இதையெல்லாம் கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போனபின் உள்ளே ஏறி, இருக்கைக்குப் பக்கத்துத் தடத்தில் தன் கையை வைத்துக்கொண்டு, அன்றைக்கு நடந்ததைச் சொல்வார். பதில் வராது. பதில் வேண்டும் என்று அவர் ஆசைப்படவும் இல்லை. கை இருந்தது, அது போதும். புதைத்த நாளில் இருந்து அவர் அழவில்லை, எதற்கு அழ வேண்டும் என்றே அவருக்குப் பட்டது. சூடாக ஒரு கை இருக்கும்போது யார் அழுவார்கள்?

அந்தக் கொட்டகைப் பக்கமே தலைவைக்காத ஒருத்தி உண்டென்றால் அது லீலாவின் தங்கை ரூபிதான். இருந்தது அக்காளும் தங்கையும் என்று இரண்டே பேர். "எங்க அக்கா கைய எனக்குத் தெரியும். அதத் தொட்டேன்னா பெறவு நான் வெளிய வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் உப்பு வாரப் போய்விட்டாள்.

அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நாள் காலையில், விமானத்தின் வயிற்றுப் பக்கமாக ஒரு கைத்தடத்தின் நடுவிரல் நுனியில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. ஞானதிரவியம் விரலால் தொட்டார். நகம் தகட்டைத் தாண்டி வெளியே போனது.

கடற்கரையில் இருபத்தைந்து வருஷம் அலுமினிய ஜன்னல் மாட்டியவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உப்பு தின்கிறது. முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு குழி விழும், பிறகு ஓட்டை. அவள் உயிரோடு இருந்தபோது வைத்த தடம் ஒரு தரம் வியர்த்துக் காய்ந்தது, இப்போதோ தினமும் வியர்க்கிறது, ஊர் தொடத்தொட இன்னும் அதிகமாக வியர்க்கிறது. தடவிய எண்ணெயும் சந்தனமும் அந்த ஈரத்தைக் காயவிடாமல் பிடித்து வைத்திருந்தன. அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே போனார். எல்லா உள்ளங்கைகளும் தகட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. இந்த வருஷத்துக் கோடை போதும், விமானம் சல்லடையாகிவிடும்.

தூத்துக்குடியில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற செய்யதுவை வரவழைத்தார். செய்யது உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு, முதல் வேலையாக எல்லாத் தடத்துக்கும் பொதுவாக ஒரு சலாம் வைத்துவிட்டு இறங்கினார்.

"பெயிண்டு நிக்கணும்னா எண்ணெய்ப் பிசுக்கு ஒரு சொட்டு இருக்கக் கூடாது அண்ணாச்சி. சோப்புத் தண்ணி, பெறவு வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்கணும், பெறவு தின்னரு விட்டுத் துடைக்கணும், அதுக்கப்புறம்தான் பிரைமர். மேலாப்ல அடிச்சு மூடிருவோம்னு நெனச்சா முடியாது. உள்ளுக்குள்ளேயே இருந்து தின்னும்."

"அப்ப கைய எல்லாம்?"

செய்யது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஊரே கொட்டகைக்கு வந்துவிட்டது. சுடலைமணிதான் பேசினார். "பிளேனு போனா இன்னொண்ணு செஞ்சிக்கிடலாம் அண்ணாச்சி. இது போச்சுன்னா எங்க போயி வாங்குவிய? பறக்காட்டிப் போகுது. தின்னா தின்னுட்டுப் போகுது." பெண்கள் அழுதார்கள். மருந்துக்கடைக்காரர்கூட அழுதார். ஞானதிரவியத்துக்கும் உள்ளூர அதுதான் ஆசை. பறந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது, மேலே இருந்து பார்க்க ஆசைப்பட்டவளே இல்லையே. ஆனாலும் வாய் திறந்து சரி என்று சொல்ல முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் உப்பளத்துக்கு நடந்துபோய், பாத்திக்குள் நின்றுகொண்டிருந்த ரூபியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"என்கிட்ட எதுக்குக் கேக்கிய?" என்றாள் ரூபி, பலகையை விடாமல். "பிளேனுக்குள்ள என்ன கலரு வேணும்னு அக்கா சொன்னா?"

"புங்க மரத்து நிழலுன்னு சொன்னா."

"பெயிண்டு வாங்கியாச்சா?"

"அவளே வாங்கி வச்சிருக்கா."

"பெறவென்ன அத்தான்" என்று சொல்லிவிட்டு, அவள் திரும்பி நின்று உப்பை இழுக்கத் தொடங்கினாள். அவள் தோள் குலுங்கியதை ஞானதிரவியம் பார்க்கவில்லை, வெள்ளையில் அவருக்குக் கண் கூசியது.

இருக்கைகளைக் கழற்றினார்கள், ஒயர்களை எல்லாம் காகிதம் சுற்றி டேப் ஒட்டினார்கள். "உறை போட்டுக்கிடுங்க அண்ணாச்சி, உங்க கை வேர்வையும் படக் கூடாதுல்லா" என்று செய்யது நீட்டியபோது, "அவ போடலை" என்று சொல்லிவிட்டு ஞானதிரவியம் வெறும் கையோடு உள்ளே போனார். வெந்நீரில் சோப்பைக் கரைத்து, பாத்திரம் துலக்குகிற பச்சை நாரை நனைத்து, முன்பக்கத்தில் இருந்து தொடங்கினார். ஒவ்வொரு கைத்தடத்தின் மேலும் முதலில் தன் கையை வைத்தார், பிறகு நாரை வைத்தார். எண்ணெய் போனது, மஞ்சள் போனது, சந்தனம் போனது, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த வெள்ளை கடைசியாகப் போனது. கை அவரோடு மல்லுக்கட்டவில்லை. தேய்க்கத் தேய்க்க, தூங்கிப்போன பிள்ளையின் பிடி தளர்வதுபோல, விரல் விரலாகச் சூடு விலகியது. சிலது மட்டும் துடைத்துத் திரும்புவதற்குள் மறுபடி வியர்த்தன. அவற்றை அவர் திரும்பவும் துடைத்தார், "சரி லீலா, சரிட்டி" என்று சொல்லிக்கொண்டே துடைத்தார். இருக்கைக்குப் பக்கத்துப் பெரிய தடத்தை மட்டும் அன்று விட்டுவைத்தார், மறுநாளும் விட்டுவைத்தார், மூன்றாம் நாள் அதையும் துடைத்தார்.

மிஞ்சியது வால். அதற்குள் அவர் ஒருநாளும் போனதில்லை, அந்த உடம்புக்கு அது இடமும் இல்லை. ஒரு தோளை முன்னால் விட்டு, மூச்சைப் பிடித்து, சட்டை கிழியக் கிழிய ஊர்ந்து போனார். அங்கே கடைசி வளையத்துக்குப் பக்கத்தில், அருகருகே இரண்டு கைகளும், அவற்றுக்கு நடுவில் ஒரு நெற்றியும் பதிந்திருந்தன. கட்டையைப் பிடித்துப் பிடித்துக் கை ஓய்ந்தபோது அவள் அங்கே தலையைச் சாய்த்து இருந்திருக்கிறாள். பனங்கிழங்கு வேகிற மாதிரிப் புழுக்கம். ஆணி நுனிகள் முதுகைக் கீறின. ஆறு வருஷமாகத் தன் மனைவி எங்கே இருந்தாள் என்பதை அவர் முதன்முதலாக அப்போதுதான் பார்த்தார்.

"செய்யது" என்று உள்ளே இருந்து கூப்பிட்டார். "வெளிய சுத்தி கெடக்கும். எடுத்து வாலுப் பக்கம் தகட்டுல லேசா ரெண்டு தட்டு தட்டும்."

செய்யது லேசாகத்தான் தட்டினார். உள்ளே அது கோயில் மணிக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது, பல் கூசி, காதுக்குள் ஊசி பாய்ந்து, தட்டு நின்ற பிறகும் ஓசை நிற்கவில்லை. இரண்டு தட்டுக்கே இப்படி என்றால், அவர் வெளியே காற்றில் நின்றுகொண்டு காற்றுச் சுத்தியால் ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறார், அடித்துக்கொண்டே நாளைக்கு மீன் வாங்கவா கறி வாங்கவா என்று கேட்டிருக்கிறார், அவளும் உள்ளே இருந்து, சாளை கிடைத்தால் வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறாள். காது வலிக்கிறது என்று ஒருநாள் சொல்லியிருக்கக் கூடாதா? ஒரே ஒருநாள்? ஞானதிரவியம் அந்த இரண்டு கைகளுக்கு நடுவில், அவள் நெற்றி இருந்த இடத்தில், தன் நெற்றியை வைத்தார். கொதித்தது. வெகு நேரம் அப்படியே கிடந்தார். பிறகு நாரை எடுத்தார்.

அவர் வெளியே வந்து கொட்டகை மூலையில் படுத்துக்கொண்டதும், உள்ளே அவருடைய கைத்தடங்கள் நிறைந்து கிடந்ததைப் பார்த்த செய்யது, தன் உறைகளை மாட்டிக்கொண்டு, அவற்றையும் தின்னர் துணியால் சத்தமில்லாமல் துடைத்தார். அதன்பின் ஓட்டைகளுக்குச் சின்னச் சின்னத் தகடு வைத்து அடைத்தார்கள், பிரைமர் அடித்தார்கள், அது காய்ந்ததும் லீலா வாங்கி வைத்த பச்சையை அடித்தார்கள். கார் என்றால் செய்யது மூன்று தரம் அடிப்பார். விமானத்தில் பெயிண்டும் பாரம் என்பதால், உள்ளே ஒரு மெல்லிய புடவை போட்டதுபோல ஒரே தரம் அடித்துவிட்டுப் பெயிண்ட் துப்பாக்கியைக் கீழே வைத்தார். மினுக்கமே இல்லை. மத்தியான வெயிலில் உள்ளே உட்கார்ந்தாலும் கண் கூசவில்லை, அவள் கேட்ட நிழல் அப்படியே வந்திருந்தது.

காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிற சாக்கில் ஞானதிரவியம் இருக்கைக்குப் பக்கத்தில் கையை வைத்தார். பெயிண்ட் காய்ந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. சாயங்காலம் வைத்தார், விடியற்காலையில் வைத்தார். ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஊர் வந்தது, எப்போதும்போல வரிசை கட்டியது. முதலில் சுடலைமணி ஏறினார், பச்சைச் சுவரில் கையை வைத்தார், கண்ணை மூடித் திறந்தார். "இருக்கு அண்ணாச்சி. சூடு அப்படியே இருக்கு" என்றார். அடுத்தவள் ஏறினாள். "ஆமா, உள்ளதான் இருக்கா" என்றாள். உபதேசியார் கை வைத்து, ஸ்தோத்திரம் என்றார். மருந்துக்கடைக்காரர் பேத்தியின் நெற்றியை வைத்து, "சிலுத்துச்சு, நான் பாத்தேன்" என்றார். இறங்குகிற ஒவ்வொருவரும் அவரிடம் வந்து இருக்கிறது, இருக்கிறது என்று சொன்னார்கள், சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஞானதிரவியம் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினார். இத்தனை நல்லவர்களாக இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது ரூபி வந்தாள். வரிசையில் நிற்காமல் நேரே போய் ஏறினாள். சுவரில் கையை வைத்தாள், பிறகு மறு கையை வைத்தாள், பிறகு கன்னத்தை வைத்தாள். ரூபி இறங்கி, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் வந்து நின்றாள்.

"இல்ல அத்தான்" என்றாள். "சில்லுன்னு கெடக்கு. அக்கா இல்ல."

"ஏட்டி ரூபி!" என்று பின்னால் யாரோ அதட்டினார்கள்.

ஞானதிரவியம் அவளை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை பேரில் அவள் ஒருத்தி முகத்தில்தான் அவர் முகத்தில் இருந்த அதே வெறுமை இருந்தது. "ஆமா ரூபி" என்றார். "லீலா செத்துப்போயிட்டா." அந்த வார்த்தையை அவர் வாய் அதுவரை சொன்னதே இல்லை. சொன்னதும், இந்த நிமிஷம்தான் யாரோ ஓடிவந்து சேதி சொன்னதுபோல, ஸ்டூலில் இருந்து சரிந்து தரையில் விழுந்து, "லீலா செத்துப்போயிட்டாளே, எங்க லீலா செத்துப்போயிட்டாளே" என்று தலையில் அடித்துக்கொண்டு கதறினார்.

ரூபி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். சுடலைமணி துண்டைத் தோளில் இருந்து எடுத்தார், உபதேசியார் செருப்பைக் கழற்றினார், யாரோ தண்ணீர் எடுக்க ஓடினார்கள். வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து, சாவு வீட்டில் உட்காருவதுபோல, அவரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள்.